நாற்பத்தைந்தில் மாணவியானவர்: றோஸ் ஹோதோர்ன் அம்மையார்

கற்றற்கு வயது தடையன்று என்று மேடைகளிற் பேசுதல் எளிது. ஆயின், தலை நரைக்கத் தொடங்கிய பின்னர், தம்மினும் பாதி வயதினரான பெண்களுடன் சேர்ந்து நின்று, புண் கழுவவும் கட்டுக் கட்டவும் பயிலுதல் அத்துணை எளிதான செயலன்று. 1896ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், நியூயோர்க் நகரத்துப் புற்றுநோய் வைத்தியசாலையில் தாதிப் பயிற்சி வேண்டிச் சென்றார் ஓர் அம்மையார். அப்பொழுது அவருக்கு வயது 45. கவிதை நூலொன்றை வெளியிட்டவர். நாடறிந்த எழுத்தாளர்களுடன் பழகியவர். அவருடைய தந்தையாரின் பெயரை அறியாத ஆங்கில இலக்கிய மாணாக்கர் இலர் எனலாம். அத்தகையவர் ஏன் அந்த வாயிலை நாடினார்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டின், அவர் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

செந்நிற எழுத்து என்னும் பெருநாவலை 1850இல் வெளியிட்டுப் புகழெய்தியவர் நதானியேல் ஹோதோர்ன். அதற்கடுத்த ஆண்டில், மே மாதம் 20ஆந் திகதி, மாசாசூசெற்ஸ் மாநிலத்து லெனொக்ஸ் என்னும் ஊரில் அவருக்கு மூன்றாவது குழந்தையாகப் பிறந்தவரே றோஸ். தாயார் சோபியா ஓவியத்தில் வல்லவர். யூனா என்னும் தமக்கையும் ஜூலியன் என்னும் தமையனும் அவருக்கு இருந்தனர். றோஸ் இரண்டு வயதுக் குழந்தையாயிருக்கையில், தந்தையார் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுகத்தில் அமெரிக்கத் துணைத்தூதுவராகப் பதவி ஏற்றார். அதனால் குழந்தையின் இளமைக்காலம் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் கழிந்தது.

லிவர்ப்பூலில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை இங்கு குறித்தல் தகும். 1856ஆம் ஆண்டில் நதானியேல், வறியோர்க்கான விடுதியொன்றைப் பார்வையிடச் சென்றார். ஆங்கே, உடலெங்கும் நோயின் வடுவும் கண்களில் சீழும் கொண்ட ஒரு குழந்தை அவரைப் பின்தொடர்ந்து வந்து, தன்னைத் தூக்குமாறு கைகளை நீட்டிற்று. நதானியேல் இயல்பிலே கூச்சம் மிக்கவர். அழுக்கைக் கண்டால் உள்ளங் குன்றுபவர். எனினும் அக்குழந்தையை வாரியெடுத்துச் சிறிது நேரம் தாங்கி நின்றார். 1863இல் வெளிவந்த நூலில் இந்நிகழ்ச்சியை அவர் வரைந்தபொழுது, உடன் சென்ற யாரோ ஒருவர் செய்ததுபோலவே எழுதினார். அவர் இறந்த பின்னர் நாட்குறிப்புக்கள் அச்சேறியபொழுதுதான், அந்த மனிதர் அவரே என்பது உலகுக்குத் தெரிந்தது. தந்தையார் எழுதியவற்றுள் இப்பகுதியையே றோஸ் தலையாயதாக மதித்தார். பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட பணி முழுவதற்கும் வித்து இதுவே என்று கருதுவோர் உளர்.

இழப்பின்மேல் இழப்பு

1864ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் திகதி நதானியேல் காலமானார். மறுநாள் றோசுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜேர்மனிக்கும், பின் லண்டன் நகருக்கும் சென்றார். 1871ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரும் மறைந்தார். அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஜோர்ஜ் பார்சன்ஸ் லாத்ரொப் என்னும் இளம் எழுத்தாளரை றோஸ் மணந்துகொண்டார். மணமகளுக்கு வயது 20.

ஜோர்ஜ் திறமையாளர். புகழ்பெற்ற அத்திலாந்திக் மாத இதழில் துணையாசிரியராயிருந்தார். தம் மாமனாரைப் பற்றி ஆராய்ச்சி நூலொன்றும் எழுதினார். ஆயினும் மதுப்பழக்கம் அவரை மெல்ல மெல்ல அரித்தது. 1876இல் பிறந்த பிரான்சிஸ் என்னும் ஒரே மகன், நான்கு வயது நிரம்பிய சில மாதங்களில், 1881இல், தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். யூனா 1877இலேயே இறந்துவிட்டார். துயரத்தினிடையிலும் றோஸ் எழுதிவந்தார். அவருடைய கவிதைத் தொகுதி 1888இல் வெளியாயிற்று. 1891இல் கணவனும் மனைவியும் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். எனினும் இல்லறம் நிலைபெறவில்லை. 1895இல் இருவரும் பிரிந்தனர். பெற்றோரும் இல்லை, மகனும் இல்லை, கணவனும் உடனில்லை என்ற நிலையில் நாற்பத்து நான்கு வயதில் தனித்து நின்றார் றோஸ்.

இருவர் மரணம்

இரண்டு மரணங்கள் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒருவர் எம்மா லாசரஸ். நியூயோர்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலையின் பீடத்திலே பொறிக்கப்பட்டுள்ள கவிதையை யாத்தவர், றோசின் தோழி. செல்வர் குடியிற் பிறந்த அவர், 1887இல், தமது 38ஆம் வயதில், புற்றுநோயால் இறந்தாரென்று கருதப்படுகிறது. அவர் இறக்குங்கால் உற்றார் சூழ, வைத்தியரும் தாதிமாரும் குறைவறப் பணிசெய்ய, மென்மையான படுக்கையிற் கிடந்து கண் மூடினார்.

மற்றவர் பெயர் அறியப்படாத ஒரு தையற்காரி. உழைத்து உண்டு மானத்தோடு வாழ்ந்தவர். அவருக்கும் அதே நோய் கண்டது. கையிலிருந்த பணம் கரைந்தபின் அவர் ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டார் என்று றோஸ் கேள்வியுற்றார். அந்நாளில் நியூயோர்க் வைத்தியசாலைகள், குணப்படுத்த முடியாத புற்றுநோயாளரை வைத்துப் பராமரிப்பதில்லை. பணமில்லாதோர்க்கு எஞ்சிய புகலிடம், ஆற்று நடுவிலுள்ள பிளாக்வெல் தீவின் ஏழையர் விடுதியே. புற்றுநோய் தொற்றும் நோய் என்னும் அச்சமும் மக்களிடையே பரவியிருந்தது. ஆதலின் பெற்ற பிள்ளைகளே தாயை ஒதுக்கும் கொடுமையும் நிகழ்ந்தது. ஒரே நோய், ஒருத்திக்கு மலர்ப்படுக்கை, மற்றொருத்திக்குக் கைவிடப்பட்டோர் தீவு. இவ்வேற்றுமையை றோசினால் பொறுக்க முடியவில்லை.

பயிற்சியும் சோதனையும்

இரங்கிக் கண்ணீர் விடுவதாலோ, கவிதை எழுதுவதாலோ, பிறர்க்கு நன்கொடை அளிப்பதாலோ இக்கடன் தீராது என்று அவர் துணிந்தார். தம் கைகளாலேயே பணிசெய்தல் வேண்டும். செய்வதைத் திருந்தச் செய்தல் வேண்டும். அதற்கு முறையான பயிற்சி வேண்டும். பயிற்சியின்றி இரக்கம் மட்டும் கொண்டு புண்ணைத் தீண்டுபவர், நோயாளிக்கு நோவையே மிகுவிப்பர் என்பதை உணர்ந்தமையாலேயே அவர் வைத்தியசாலையின் வாயிலை நாடினார்.

அவர் சென்ற வைத்தியசாலை, அமெரிக்காவிலே புற்றுநோய்க்கென்றே அமைந்தவற்றுள் முதலாவதென்று பேசப்படுவது, 1884இல் நிறுவப்பெற்றது. மூலைகளில் தூசும் கிருமியும் தங்குமெனக் கருதி, நோயாளர் கூடங்களை வட்டமாகவே கட்டியிருந்தனர். ஆனால் கட்டடம் புதுமையாயிருந்ததேயன்றி மருத்துவம் இன்னும் வளரவில்லை. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டுகூட நிறையவில்லை. ரேடியம் அப்பொழுது கண்டறியப்படவேயில்லை. சத்திரசிகிச்சையும், நோவைத் தணிக்கும் மோர்பீனுமே வைத்தியர் கையிலிருந்த கருவிகள். கத்தியால் அகற்ற முடியாத நிலையை நோய் அடைந்துவிட்டால், அதன்பின் நோயாளிக்கு ஆதாரமாக நின்றது தாதியின் கை ஒன்றே.

மூன்று மாதம் றோஸ் அங்கே பயின்றார். முதல் நாட்களில் அவர் பட்ட பாடு பெரிது. முகத்தைப் புற்று அரித்திருந்த வாட்சன் என்னும் மூதாட்டியின் கட்டை அவிழ்த்தபொழுது, ஓடிவிட வேண்டும் என்னும் உணர்ச்சி அவரை ஆட்கொண்டது. துர்நாற்றமும் காட்சியும் அவரை உலுக்கின. அழகிய சூழலில் வளர்ந்த உள்ளம் அது. தந்தையாரின் கூச்சத்தையும் பிறப்புரிமையாகப் பெற்ற உள்ளம். ஆயினும் அவர் முகத்தைத் திருப்பவில்லை. நோயாளி தாதியின் கைகளை மட்டுமன்றி அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்முகத்திலே தோன்றும் சிறு சுளிப்பும் புண்ணினும் கொடிய புண்ணாகும் என்பதை அன்று அவர் கற்றார். கட்டுக் கட்டும் முறையை ஆசிரியர் கற்பிக்கலாம்; இந்தப் பாடத்தை நோயாளியே கற்பித்தாள்.

வாடகை அறையில் ஒரு வைத்தியசாலை

பயிற்சி முடிந்த அவ்விலையுதிர் காலத்திலேயே, குடியேறிய ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த நியூயோர்க்கின் கீழ்ப்பகுதியில், ஸ்காமெல் தெருவில், பழைய வீடொன்றின் அறைகளை வாடகைக்குப் பெற்றார் றோஸ். சுவரையும் தரையையும் தாமே தேய்த்துக் கழுவினார். சுற்றுப்புற வீடுகளுக்குச் சென்று புண்களுக்கு மருந்திட்டார். குணமாகாதவர் என்று வைத்தியசாலையினின்றும் அனுப்பப்பட்ட வாட்சன் மூதாட்டியைத் தம்முடன் தங்கவைத்துக்கொண்டார். பின்னர் வாட்டர் தெருவுக்கு இடம் மாறினார்.

1897ஆம் ஆண்டின் இறுதியில், கென்ரக்கி மாநிலத்தவரான அலிஸ் ஹூபர் என்னும் ஓவிய மாணவி அங்கே வந்தார். வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும் உதவுவதாகச் சொல்லிவந்தவர், அடுத்த ஆண்டில் தம் ஓவியத் தூரிகையைத் துறந்து அங்கேயே தங்கிவிட்டார். ஆசிரியரும் மாணவியுமாக இருவரும் ஒரே படுக்கையின் இருபுறமும் நின்று பணிசெய்தனர். பின்னால் வந்து சேர்ந்த பெண்களும் இவ்வாறே, முன்னவர் அருகில் நின்று, கண்டும் செய்தும் கற்றனர்.

1898இல் ஜோர்ஜ் இறந்தார். 1899இல் செரி தெருவில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கிப் புனித றோஸ் இல்லம் என்று பெயரிட்டனர். 1900ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் றோசும் அலிசும் டொமினிக்கன் சபைக் கன்னியராக வார்த்தைப்பாடு கொடுத்தனர். அன்றுமுதல் றோஸ், அன்னை அல்போன்சா என அழைக்கப்பட்டார். 1901இல், நகருக்கு வடக்கே ஷேர்மன் பார்க் என்னும் ஊரில் ரோசரி ஹில் இல்லம் எழுந்தது. அவ்வூர் பிற்காலத்தில் ஹோதோர்ன் என்றே பெயர் பெற்றது.

அவ்வில்லங்களின் விதிகள் சில. நோயாளியிடமோ அவர் உறவினரிடமோ ஒரு சதமும் பெறுதல் கூடாது. சமயமோ இனமோ கேட்டு எவரையும் விலக்குதல் கூடாது. நோயாளரைப் பரிசோதனைப் பொருளாக்குதல் கூடாது. அருவருப்பை முகத்திலும் செயலிலும் காட்டுதல் கூடாது. முதல் மூன்றையும் ஏட்டில் எழுதிக் காக்கலாம். நான்காவதை நாள்தோறும் புதிதாகப் பயின்றே காத்தல் வேண்டும்.

பணத்துக்கு வழி யாது? இங்கேதான் அவருடைய எழுத்துத் திறன் கைகொடுத்தது. தந்தையாரைப் பற்றிய நினைவு நூலை 1897இல் வெளியிட்டார். நாளிதழ்களுக்கு எழுதினார், தாமே ஒரு சிறு இதழும் நடத்தினார். மார்க் ட்வெயின் போன்ற பேரெழுத்தாளர் அவருக்கு ஆதரவளித்தனர். இலக்கியத்தை அவர் துறந்தாரென்று சிலர் கூறுவர். துறந்தாரல்லர், அதனைப் பணிப்பெண்ணாக்கி நோயாளர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார் என்பதே பொருந்தும்.

தந்தையார் பயின்ற போடொயின் கல்லூரி 1925இல் மகளுக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. மூன்று மாதப் பயிற்சியையே தம் தொழிற்கல்வியாகக் கொண்ட தாதிக்குக் கிடைத்த பட்டம் அது. 1926ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆந் திகதி, தம் பெற்றோரின் திருமண நாளன்று, ரோசரி ஹில் இல்லத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அதன்பின் அலிஸ் 1942இல் தாம் இறக்குமளவும் அப்பணியை நடத்தினார்.

தொடரும் பாடம்

அட்லாண்டா நகரில் 1939இல் தோன்றிய இச்சபையின் இல்லத்தில், முகத்திற் புற்றுக் கட்டியுடன் வாழ்ந்து மறைந்த ஒரு சிறுமியின் வரலாற்றைக் கன்னியர் எழுதினர். 1961இல் வெளிவந்த அந்நூலுக்கு முன்னுரை வரைந்தவர் நாவலாசிரியை பிளானரி ஓ கொனர். லிவர்ப்பூலில் நதானியேல் தூக்கிய குழந்தையையும், மகளின் பணியையும், இச்சிறுமியின் வாழ்வையும் ஒரே இழையில் அவர் கோத்துக் காட்டினார். 2024ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை அன்னை அல்போன்சாவை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

அவர் மறைந்து இன்றைக்கு ஒரு நூற்றாண்டளவு ஆகின்றது. இதற்கிடையே கதிர்ச் சிகிச்சை வளர்ந்தது. 1940களில் இரசாயன மருந்துகள் தோன்றின. ஒவ்வொரு புதிய மருந்தும் தாதிக்குப் புதிய பாடமாயிற்று. அமெரிக்காவில் புற்றுநோய்த் தாதிமார் தமக்கென ஒரு சங்கத்தை 1975இல் அமைத்து, பணியிலிருந்தவாறே தொடர்ந்து கற்பதற்கு வழிசெய்தனர். றோஸ் பயின்ற வைத்தியசாலையும் வளர்ந்து, உலகப் புகழ்பெற்ற மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் நிலையமாயிற்று. அன்று மூன்று மாதத்தில் முடிந்த பயிற்சி, இன்று பணிக்காலம் முழுதும் நீள்கின்றது. அவ்வாறு நீளுதல் இன்றியமையாததுமாகும். நேற்றைய அறிவைக் கொண்டு இன்றைய மருந்தைக் கையாளும் தாதி, தன்னை அறியாமலே நோயாளிக்குத் தீங்கிழைக்கக்கூடும்.

எனினும், எத்தனை வகுப்புக்கள் நிகழ்ந்தாலும், எத்தனை சான்றிதழ்கள் கிடைத்தாலும், கட்டை அவிழ்க்கும் அந்தக் கணம் மாறுவதில்லை. நோயாளி தாதியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு என்ன விடை அளிப்பது என்பதை, நாற்பத்தைந்து வயதில் மாணவியான அம்மையார் வாட்சன் மூதாட்டியிடம் கற்றுக்கொண்டார். அதனைக் கற்றுத் தேர்ந்துவிட்டதாக அவர் ஒருபோதும் கருதவில்லை போலும். வாழ்நாளின் எஞ்சிய 30 ஆண்டுகளையும் அப்பள்ளியிலேயே கழித்தார்.