மழைக்குக் கணக்குப் போட்ட வாக்கர் துரை

ஆடிப் பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க இடம் கிடைக்காது. சித்திரான்னமும் காதோலை கருகமணியுமாகப் பெண்கள் வந்து குவிந்துவிடுவார்கள். காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடினால் எல்லோர் முகத்திலும் மலர்ச்சி. மணல் திட்டுத் தெரிந்தால், வேண்டுதலோடு ஒரு பெருமூச்சும் சேர்ந்து வரும்.

அந்தத் தண்ணீர் திருச்சியில் பெய்த மழை அல்ல. ஆடியில் திருச்சிக்கு ஏது மழை? மன்னார்புரம் நாற்சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் புழுதிக் காற்றில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள். அதே நேரத்தில் குடகு மலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அதைக் கொண்டுவருவது தென்மேற்குப் பருவக் காற்று. அந்தக் காற்று புறப்படும் இடமோ பூமத்திய ரேகைக்கும் தெற்கே, இந்து மகா சமுத்திரத்தின் நடுவில்!

அப்படியானால், இந்த வருஷம் காவிரி பெருகுமா என்று தெரிந்துகொள்ள எந்த வானத்தைப் பார்ப்பது? திருச்சி வானத்தையா, குடகு வானத்தையா? இரண்டும் போதாது, உலகம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று நம்பிய ஒருவர் இருந்தார். நம்பியதோடு நிற்கவில்லை. இருபது வருஷ காலம் இந்தியாவில் உட்கார்ந்து அதற்குக் கணக்கும் போட்டார். அவர்தான் ஸர் கில்பர்ட் வாக்கர்.

பூமராங் வாக்கர்

1868-ஆம் வருஷம் ஜூன் 14-ந் தேதி, இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் என்ற ஊரில் வாக்கர் பிறந்தார். தகப்பனார் என்ஜினீயர். பையனுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே சுழலும் பொருள்கள் மீது ஒரு மோகம். கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரியில் சேர்ந்து, 1889-ல் கணிதப் பரீட்சையில் முதல் ஸ்தானம் பெற்றார். சீனியர் ராங்ளர் என்று அதற்குப் பெயர். பத்து வருஷம் கழித்து நம் நாட்டுப் பராஞ்சபே பெற்றாரே, அதே பட்டம்தான்.

அளவுக்கு மீறிப் படித்ததில் உடம்பு கெட்டது. சில குளிர்காலங்களை சுவிட்சர்லாந்தில் கழித்துத் தேறினார். படுத்துக் கிடந்தாரா என்றால் அதுவும் இல்லை. பனிக்கட்டி மேல் சறுக்கி விளையாடக் கற்றுக்கொண்டு திரும்பினார்!

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் எறியும் பூமராங் என்ற வளைந்த கட்டையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். நம் சிவகங்கைச் சீமை வளரிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். எறிந்தவன் கைக்கே அது ஏன் திரும்பி வருகிறது? வாக்கர் அதற்குக் கணித முறையில் விளக்கம் எழுதி, 1897-ல் வெளியிட்டார். மைதானத்துக்குப் போய்த் தாமே எறிந்தும் பார்த்தார். நண்பர்கள் அவருக்குப் பூமராங் வாக்கர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? அதுவரை ஒன்றுமே இல்லை. வானிலை சாஸ்திரத்தில் அவருக்கு அனுபவம் கிடையாது.

பஞ்சம் பெற்ற பிள்ளை

நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டி எடுத்த பஞ்சம் அது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். கஞ்சித் தொட்டிகளைத் தேடிக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நடந்தார்கள்.

அதற்குச் சற்று முன்னால்தான், 1875-ல், இந்திய வானிலை இலாகா ஏற்பட்டிருந்தது. அதன் முதல் அதிகாரி ஹென்றி பிளான்போர்டு. மழை தவறுமா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாதா என்று சர்க்கார் அவரைக் கேட்டது. இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்பதை அவர் கவனித்தார். அதைக் கொண்டு 1886 முதல் வருஷந்தோறும் மழை ஜோசியம் வெளியாயிற்று. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் இந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாக வளர்த்தார். ஆனால் 1899-ல் மழை அடியோடு ஏமாற்றிற்று. இலாகா அதை முன்னால் சொல்லவில்லை. மறுபடியும் பஞ்சம். பத்திரிகைகள் இலாகாவைப் பிடித்துக்கொண்டன. பிறகு சில வருஷங்கள் மழை அறிக்கை ரகசியக் காகிதமாகவே இருந்தது!

எலியட் தமக்குப் பிறகு ஒரு கணித நிபுணர்தான் வேண்டும் என்று தேடினார். 1903-ல் வாக்கர் இந்தியா வந்தார். 1904 ஜனவரியில் இலாகாவின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 35.

உலகத்தைச் சுற்றிய கடிதங்கள்

தத்துவம் பேசி மழையைப் பிடிக்க முடியாது என்று வாக்கர் கண்டார். காற்று ஏன் இப்படி வீசுகிறது என்று விளக்கும் அளவுக்கு விஞ்ஞானம் அன்று வளரவில்லை. ஆகவே நேர்மாறான வழியில் இறங்கினார். எந்த ஊரில் எது நடந்தால், அதற்குப் பின் இந்தியாவில் மழை கூடுகிறது அல்லது குறைகிறது? காரணம் பிறகு இருக்கட்டும். முதலில் கணக்கைப் பார்ப்போம் என்றார்.

முறை எளிதுதான். இரண்டு ஊர்களின் பழைய கணக்கை வருஷவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகிறதா, இறங்குகிறதா, அல்லது சம்பந்தமே இல்லையா என்பதை ஒரு எண்ணால் அளக்க வேண்டும். உறவு முழுமையாக இருந்தால் அந்த எண் 1. உறவே இல்லாவிட்டால் பூஜ்யம். சொல்வதற்கு எளிது. இன்றுபோல் கம்ப்யூட்டர் கிடையாதே! இந்திய குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, காகிதத்தில் கூட்டியும் பெருக்கியும் ஆயிரக்கணக்கில் இந்த எண்களைக் கண்டார்கள். இலாகாவுக்குப் பெயர் வந்ததில் அவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அவர்களைப் பற்றிப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை.

கணக்குப் போடக் கணக்கு வேண்டுமே? அது இந்தியாவில் இல்லை. எகிப்தில் நைல் நதி எவ்வளவு பெருகியது என்ற விவரம் எகிப்தில் இருந்தது. ஜாவாவின் மழை டச்சுக்காரர் கையில். டார்வின் துறைமுகத்துக் காற்றழுத்தம் ஆஸ்திரேலியாவில். இன்னும் சிலி, அர்ஜென்டினா, சமோவா, ஹோனலூலு என்று எத்தனையோ இடங்கள். எல்லாம் வேறு வேறு சர்க்கார்கள், வேறு வேறு பாஷைகள். கொடுத்தே தீரவேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. ஆனாலும் கொடுத்தார்கள். 1873-ல் வியன்னாவில் கூடிய மாநாட்டிலேயே பல நாட்டு வானிலை அதிகாரிகள் ஒன்று சேர்ந்து ஒரு சர்வதேச அமைப்புக்கு வித்திட்டிருந்தார்கள். வானத்துக்கு எல்லைக் கல் நட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சில வருஷங்களில் வாக்கர் நான்கு அடையாளங்களைப் பொறுக்கி எடுத்தார். இமயமலைப் பனி, மொரீஷியஸ் தீவின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபார் தீவின் மழை. கிராம்பு விளையும் அந்தச் சான்சிபாரில் ஏப்ரல், மே மாதங்களில் மழை அதிகமானால் நம் பருவமழை குறையலாம்! தென் அமெரிக்காவில் காற்றழுத்தம் உயர்ந்தால் நமக்கு நல்லது. மொரீஷியஸில் உயர்ந்தால் கெடுதல். இதை வைத்து அவர் சூத்திரம் அமைத்தார். கணிதச் சூத்திரத்தின் மூலம் பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் முறை இப்படித்தான் பிறந்தது.

துறைமுக ஆபீஸில் ஒரு நோட்டுப் புத்தகம்

தமிழர்கள் வாக்கரை நினைக்க வேறு ஒரு காரணமும் உண்டு. மழைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

1913 பிப்ரவரி மாதம். வாக்கர் சிம்லாவிலிருந்து சென்னைக்கு வந்திருந்தார். துறைமுக டிரஸ்டின் தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் ஆபீஸில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகத்தை அவரிடம் காட்டினார். கும்பகோணத்துப் பிள்ளை. பெயர் ராமானுஜன்.

அது வாக்கருடைய துறை அல்ல. அவர் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் கண்ணில் பட்டது எத்தகைய மூளை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே சென்னைச் சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார். இந்த வேலை கேம்பிரிட்ஜ் அறிஞர்களின் வேலைக்குச் சமமானது, சில வருஷங்களாவது வயிற்றுக் கவலை இல்லாமல் இவர் கணிதம் செய்யச் சர்வகலாசாலை வழி செய்ய வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். கடிதம் வீண் போகவில்லை. அந்த வருஷம் மே மாதம் முதல் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது.

ஹார்டியை எல்லோரும் அறிவார்கள். வாக்கரை மறந்துவிட்டோம்.

கடலின் மேல் ஓர் ஏற்ற மரம்

முதல் உலக யுத்தம் வந்தது. இலாகாவின் ஆட்கள் பலர் யுத்த வேலைக்குப் போனார்கள். வாக்கரின் கணக்கு மட்டும் நிற்கவில்லை. 1923, 1924-ஆம் வருஷங்களில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், தம் வாழ்நாளின் பெரிய கண்டுபிடிப்பை அவர் உலகுக்கு அறிவித்தார்.

கிணற்றடி ஏற்ற மரத்தைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரும். பசிபிக் மகா சமுத்திரத்துக்கும் இந்து மகா சமுத்திரத்துக்கும் குறுக்கே அப்படி ஓர் ஏற்ற மரம் இருக்கிறது! ஒரு பக்கம் காற்றழுத்தம் கூடினால் மறு பக்கம் குறைகிறது. சில வருஷங்களுக்கு ஒருமுறை இது மாறி மாறி ஆடுகிறது. இந்த ஆட்டத்தோடு இந்திய மழையும், ஜாவா மழையும், நைல் நதியும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. இதற்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தார். பிறருக்கும் இதன் சாயல் முன்பே தென்பட்டதுண்டு. ஆஸ்திரேலியாவில் வறட்சி வரும்போது இந்தியாவிலும் வருகிறதே என்று சார்லஸ் டாட் என்பவர் 1888-லேயே கவனித்திருந்தார். ஆனால் முழு உருவத்தைக் காட்டியவர் வாக்கர்தான்.

1923-ல் ஹாலந்தில் உட்ரெக்ட் நகரத்தில் வானிலை அதிகாரிகள் மாநாடு கூடிற்று. உலகத்தின் பழைய வானிலைக் கணக்குகளை எல்லாம் ஒரே புத்தகமாகத் திரட்டும் யோசனை உருவாயிற்று. ஆஸ்திரியாவின் எக்ஸ்னர், அமெரிக்காவின் கிளேட்டன், அர்ஜென்டினாவில் பணிபுரிந்த மாஸ்மன், முன்பு வாக்கரின் கீழ் சிம்லாவில் வேலை பார்த்த சிம்சன், இவர்களோடு வாக்கர் என ஐந்து பேர் திரட்டினார்கள். 1927-ல் வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் நிலையம் அச்சிட்டது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், வெறும் எண்கள்! யுத்தத்தில் எதிரும் புதிருமாக நின்ற நாடுகள் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

தோற்ற ஜோசியம்

1924-ல் வாக்கர் ஓய்வு பெற்றார். ஸர் பட்டமும் அந்த வருஷமே வந்தது. அதே 1924-ல், ஆடி மாதத்தில், காவிரியும் கொள்ளிடமும் வரலாறு காணாத வெள்ளமாகப் பெருகித் திருச்சி, தஞ்சை ஜில்லாக்களைப் புரட்டிப் போட்டன. பருவமழையின் கணக்கைத் தேடியவர் விடைபெற்ற வருஷத்தில் பருவமழை செய்த வேலை அது.

உண்மையைச் சொல்வதானால், வாக்கரின் சூத்திரம் விவசாயிக்கு அதிகம் கைகொடுக்கவில்லை. சில வருஷம் பலித்தது. சில வருஷம் பொய்த்தது. நல்ல அடையாளங்கள் என்று நம்பியவை பின்னால் வலுவிழந்தன. தற்செயலான ஒற்றுமையை உறவு என்று நம்பிவிடக் கூடாது என்று எச்சரித்தவரும் அவரேதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. உலகத்தைப் பார்த்து இந்திய மழையைச் சொல்ல நினைத்தார். கணக்கோ, இந்திய மழையைப் பார்த்து அதற்குப் பின் உலகத்தில் நடப்பதைச் சொல்வதுதான் சுலபம் என்று காட்டிற்று!

லண்டனில் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை பேராசிரியராக இருந்தார். புல்லாங்குழல் வாசித்தார், அதன் அமைப்பைச் சீர்திருத்தவும் முயன்றார். பறவைகள் இறகசைக்காமல் வட்டமிடுவதைக் கவனித்தார். 1958 நவம்பர் 4-ந் தேதி, 90-வது வயதில் காலமானார். அப்போது வானிலை நிபுணர்கள் பலர் அவருடைய தென் அலைவை ஒரு பழைய புதிராகவே நினைத்தார்கள்.

அவர் கண்ணை மூடிய சமயத்திலேயே விடை வந்துகொண்டிருந்தது. 1957, 1958-ஆம் வருஷங்களில் பல நாடுகள் கூடிச் சர்வதேச பூகோள பௌதிக ஆண்டு கொண்டாடின. கப்பல்களும் தீவுகளும் பசிபிக் கடலை அளந்தன. அந்த வருஷங்களில் அங்கே எல்நினோ தோன்றியிருந்தது. பெரு நாட்டு மீனவர்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாவதற்கு வைத்த பெயர் அது. அந்தச் சூடும் வாக்கரின் ஏற்ற மரமும் ஒரே இயந்திரத்தின் இரு பாகங்கள் என்று ஜேக்கப் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி 1960-களில் நிறுவினார். பசிபிக்கின் மேல் கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றுக்கு வாக்கர் சுழற்சி என்று 1969-ல் பெயரிட்டார். தாது வருஷத்தை நாசம் செய்ததும் ஒரு பெரிய எல்நினோதான் என்பது இன்று தெரிந்த விஷயம்.

காவிரிக்காரர்களுக்கு இதில் இரட்டை வழக்கு. எல்நினோ வந்தால் பெரும்பாலும் தென்மேற்கு மழை இளைக்கும்; குடகு ஏமாற்றலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டுக்கு வரும் வடகிழக்கு மழை பல தடவை கூடிவிடுகிறது. அதுவும் நிச்சயம் இல்லை. 1997-ல் எல்நினோ மிகப் பலமாக இருந்தும் தென்மேற்கு மழை குறையவில்லை.

வாக்கர் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கிய எண்கள் இப்போது கேட்காமலே வருகின்றன. பழைய சர்வதேச அமைப்பு 1950-ல் உலக வானிலை ஸ்தாபனமாக மாறிற்று. மன்னார்புரத்திலிருந்து விமான நிலையம் அதிக தூரம் இல்லை. திருச்சி வானிலை நிலையத்துக்கு அந்த ஸ்தாபனத்தின் பட்டியலில் ஓர் எண் உண்டு: 43344. அதிகாலை 5.30 மணிக்கு உலகமெங்கும் ஒரே நேரத்தில் காற்றழுத்தத்தைப் பார்த்துக் குறிக்கும்போது, டார்வினும் மொரீஷியஸும் எழுதும் அதே வரிசையில் திருச்சியும் ஒரு எண்ணை எழுதி அனுப்புகிறது.