மடம் சி.ஜே. வோக்கர்: பருத்தித் தோட்டத்தில் பிறந்து தலைமுடியால் எழுந்தவர்

பதுளை நகரத்தில் இப்போது அழகு நிலையங்கள் கூடிவிட்டன. பசறை, மடுல்சீமை, நமுனுகுல பக்கத் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்பும், கொழும்புக்கு வேலைக்குப் போவதற்கு முன்பும் அங்கே முடியை நேராக்கிக்கொள்கிறார்கள். நானும் நான்கு வருடங்கள் நேராக்கினேன். பதினாறு மாதங்களாக அதை நிறுத்திவிட்டுச் சொந்த முடியை வளரவிடுகிறேன். இப்போது என் தலையில் இரண்டு விதமான முடி இருக்கிறது. வேரிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருள் முடி, அதற்குக் கீழே மருந்து போட்ட தட்டை முடி.

இந்த மாதங்களில் முடியைப் பற்றித் தேடித் தேடி வாசித்ததில்தான் மடம் சி.ஜே. வோக்கரின் வாழ்க்கை எனக்கு முழுதாகத் தெரியவந்தது. கறுப்பினப் பெண்களின் முடியை நேராக்கிப் பணக்காரி ஆனவர் என்றுதான் அவரைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். அப்படிச் சொல்வதை அவரே விரும்பவில்லை. அவருடைய தொழில் முடியை நேராக்குவதில் தொடங்கவில்லை. புண்பட்ட தலையைக் கழுவி ஆற்றுவதில்தான் தொடங்கியது. தோட்டத்தில் பிறந்த நமக்கு இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

அவருடைய இயற்பெயர் சேரா பிரீட்லவ். 1867 டிசெம்பர் 23ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், டெல்டா என்ற இடத்திலிருந்த பருத்தித் தோட்டமொன்றில் பிறந்தார். அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். சேராவின் தாய் மினெர்வாவும் தந்தை ஓவனும் அடிமைகளாக இருந்தவர்கள். விடுதலைப் பிரகடனத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் பிள்ளை சேரா. விடுதலை வந்தாலும் காணி வரவில்லை. பழைய துரையின் அதே மண்ணில், விளைச்சலில் பங்குக்கு, கடனோடு உழைத்தார்கள். அடிமை முறையும் நமது கங்காணி முறையும் ஒன்றல்ல, அவற்றை ஒன்றாக்கிப் பேசுவது இரண்டு சனங்களுக்கும் செய்யும் அநியாயம். ஆனாலும் 1921இல் ஒழிக்கப்படும்வரை துண்டு முறை எப்படிக் கடனால் ஆட்களைத் தோட்டத்தோடு கட்டிவைத்தது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தப் பருத்தித் தோட்டத்தைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை.

ஏழு வயதில் சேரா தாயையும் தந்தையையும் இழந்துவிட்டார். அக்கா லூவீனியாவோடு மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பேர்க் நகரத்துக்குப் போய் வீட்டு வேலை செய்தார். அக்காவின் கணவர் கொடுமைக்காரர். அவரிடமிருந்து தப்புவதற்காகவே பதினான்கு வயதில் மோசஸ் மெக்வில்லியம்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்தார். 1885இல் மகள் லீலியா பிறந்தாள். 1887இல் கணவர் இறந்தார். இருபது வயதுகூட நிறையாத விதவை, கையில் இரண்டு வயதுப் பிள்ளையோடு, அண்ணன்மார் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டிருந்த சென் லூயிஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே பல வருடங்கள் உடுப்புக் கழுவிப் பிழைத்தார். நாட்கூலி ஏறத்தாழ ஒன்றரை டொலர். கொதிநீர்த் தொட்டி, காரம் கூடிய சவர்க்காரம், ஆவி. அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் மகளை டெனசி மாநிலத்தின் நொக்ஸ்வில் கல்லூரிக்கு அனுப்பினார். இந்தக் காலத்தில்தான் அவருடைய முடி கொட்டத் தொடங்கியது. உச்சந்தலையில் சொட்டை விழுந்தது. அவருக்கு மட்டுமல்ல, அக்கால ஏழைக் கறுப்பினப் பெண்களில் ஏராளமானோருக்கு இதே நிலை. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லை. குளிர்காலத்தில் தலைக்கு ஊற்றினால் காய்ச்சல் வரும் என்ற பயம். வாரக்கணக்காக, சிலர் மாதக்கணக்காக, தலை கழுவமாட்டார்கள். கழுவும்போது துணிச் சவர்க்காரம் போன்ற காரமான ஒன்றையே போடுவார்கள். பொடுகும் சொறியும் ஏறி, தலைத்தோல் புண்ணாகி, முடி வேரோடு போகும்.

இதை வாசித்தபோது எனக்கு லயங்கள்தான் ஞாபகம் வந்தன. எங்கள் தோட்டத்தில் இரண்டு லயங்களுக்கு ஒரு பீலி. மலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தலை முழுகும் நாள். மழையும் பனிமூட்டமும் உள்ள மாதங்களில் அதுவும் தவறும், ஈர முடியோடு காலையில் பெரட்டுக் களத்தில் நிற்க யாருக்கும் தைரியம் வராது. எங்கள் அம்மாயிக்குக் கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் முடியே இருக்கவில்லை. முக்காட்டை எடுத்தால்தான் தெரியும், அதனால் வீட்டுக்கு வெளியே அவர் எடுக்கவே மாட்டார். ஒரே இடத்தில் வருடக்கணக்காக இழுபட்டால் முடியின் வேர் செத்துவிடும், பிறகு எந்த எண்ணெயாலும் திரும்பாது என்று மருத்துவம் சொல்கிறது. அம்மாயியோ நல்லெண்ணெய் போதாததால்தான் இப்படி என்று கடைசிவரை நம்பினார்.

இனக்கலவரத்துக்குப் பயந்து மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களை இதை வாசிக்கும் பலருக்குத் தெரிந்திருக்கும். 1977க்குப் பிறகு போன எங்கள் சின்னம்மா ஒருவர், 2009இல் மெனிக் பாம் முகாமில் இடுப்பளவு முடியைத் தானே வெட்டினார். வரிசையில் நின்று கிடைக்கும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் காணும், பேன் நிறைந்த தலைக்கு எங்கே போவது? முகாமில் பட்ட மற்றதெல்லாம் பற்றிப் பேசுகிறவர், முடியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

சேராவின் கதைக்கு வருகிறேன். சென் லூயிஸில் அனி டேர்ன்போ என்ற கறுப்பினப் பெண் முடி வளர்க்கும் களிம்பு செய்து விற்றார். சேரா அவருடைய முகவராகச் சேர்ந்து, 1905இல் அதே வேலையாக டென்வர் நகரத்துக்குப் போனார். அடுத்த வருடம் பத்திரிகை விளம்பரம் தெரிந்த சார்ல்ஸ் ஜோசப் வோக்கரைக் கல்யாணம் செய்து, மடம் சி.ஜே. வோக்கர் என்ற பெயரில் சொந்தக் களிம்பை விற்கத் தொடங்கினார். மருந்தின் விபரம் கனவில் ஒரு பெரிய கறுப்பு மனிதரால் தனக்குச் சொல்லப்பட்டது என்று வாழ்நாள் முழுதும் கூறிவந்தார். தன்னுடையதைப் பார்த்துச் செய்தது என்று அனி குற்றம் சாட்டினார். கனவுக் கதையை நான் விளம்பரமாகவே எடுத்துக்கொள்கிறேன். கந்தகமும் பெற்றோலியக் களிம்பும் சேர்ந்த மருந்து இவர்கள் இருவருக்கும் முன்பே வழக்கத்தில் இருந்தது, நம் ஊரில் சொறிக்குக் கந்தகம் போடுகிறார்கள் அல்லவா, அதே குணம்தான்.

புதுமை மருந்தில் அல்ல, முறையில் இருந்தது. தலையை அடிக்கடி கழுவு, தலைத்தோலைத் தேய், களிம்பு பூசு, கடைசியில் எண்ணெய் தடவிச் சூடாக்கிய சீப்பால் வாரு. இதுதான் வோக்கர் முறை. சூட்டுச் சீப்பை அவர் கண்டுபிடிக்கவில்லை, அது முன்பே இருந்தது. அதன் நேர்த்தி அடுத்த முழுக்கோடு போய்விடும். முடியின் அமைப்பையே மாற்றும் இரசாயனக் கிறீம் அவருடைய காலத்தில் அப்போதுதான் தலைகாட்டியது. கிளீவ்லண்ட் நகரத்துக் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் கரட் மோர்கன் தையல் இயந்திர ஊசிக்கு ஒரு திரவம் செய்யப்போய், அது கம்பளி இழையை நேராக்குவதைக் கண்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பின்னாளில் வந்த வீரியமான ரிலெக்ஸர்களில் கோஸ்டிக் சோடா இருந்தது. இன்று நம் பக்கம் செய்யும் ஸ்ட்ரெயிட்னிங், ரீபொண்டிங் எல்லாம் பெரும்பாலும் வேறு மருந்து, ஆனால் வேலை ஒன்றுதான்: முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை உடைப்பது. உடைத்த முடி பழையபடி ஆகாது. புது முடி வேரிலிருந்து மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வரும், அவ்வளவுதான்.

புது முடியும் பழைய முடியும் சந்திக்கும் இடம்தான் பலவீனம். சீப்புப் போட்டால் அங்கேதான் அறும். ஆகவே முழுகுவதற்கு முன் அந்த இடத்திலும் நுனியிலும் தேங்காயெண்ணெய் தடவி, முடியை நான்காகப் பிரித்துத் தளர்வாகப் பின்னிக்கொள்கிறேன். ஷம்போ தலைத்தோலுக்கு மட்டும், நகம் படாமல் விரல் நுனியால். நுரை வழிந்து வருவதே நீள முடிக்குப் போதும். கண்டிஷனர் போட்டு ஊறியபின், அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறேன். துவாயால் தேய்ப்பதில்லை, பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுக்கிறேன். பதுளைக் குளிருக்கு ஈரத் தலையில் சால்வை கட்டித் தூங்குவது நம் வழக்கம், அதுவும் பொடுகுக்கு நல்லதல்ல. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தட்டை முடியில் ஓர் அங்குலம் வெட்டுகிறேன். வோக்கர் தம் பெண்களுக்குச் சொன்னதில் சூட்டுச் சீப்பைக் கழித்தால் மிச்சம் ஏறத்தாழ இதுதான்.

வோக்கர் 1908இல் பிற்ஸ்பேர்க்கில் மகளின் பெயரில் பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் திறந்தார். 1910இல் இந்தியானாபொலிஸ் நகரத்தில் தொழிற்சாலை கட்டினார். படித்து வெளியேறிய பெண்கள் கறுப்புப் பையோடு வீடு வீடாகப் போனார்கள். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த வேலைகள் சமையல், உடுப்புக் கழுவுதல், வயல். முகவராக வந்தவள் அதைவிடப் பல மடங்கு உழைத்தாள், யாருடைய சமையலறைக்கும் போகவேண்டியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் இப்படி வந்தார்கள். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக 2021வரை வருடக்கணக்காகப் போராடிய நமக்கு இதன் பெறுமதி விளங்கும்.

எல்லாம் மெச்சத்தக்கது என்று சொல்லமாட்டேன். நீண்ட முடிதான் அழகு என்ற எண்ணத்தை அவருடைய விளம்பரங்களும் வளர்த்தன. மகள் 1912இல் தத்தெடுத்த மே என்ற சிறுமிக்கு நீளமான, அடர்ந்த பின்னல்கள் இருந்தன. அந்தப் பிள்ளையை நிறுத்திப் பொருளை விற்றார்கள். அந்தத் தத்தெடுப்பில் பாசம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று யோசிக்காமல் என்னால் கடக்கமுடியவில்லை. கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வொஷிங்டனும் முடிப்பொருள் வியாபாரத்தை மதிக்கவில்லை. 1912இல் சிக்காகோவில் அவர் நடத்திய வர்த்தகர் மாநாட்டில் வோக்கருக்குப் பேச இடம் கொடுக்கவில்லை. வோக்கர் கடைசி நாளில் தானாக எழுந்து, பருத்தி வயலிலிருந்து கழுவும் தொட்டிக்கும் அங்கிருந்து சொந்தத் தொழிற்சாலைக்கும் தான் வந்த வழியைச் சபைக்குச் சொன்னார். மறுவருடம் அதே மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளர்.

1917 ஜூலையில், அவர் உடுப்புக் கழுவிய சென் லூயிஸுக்கு ஆற்றின் மறுகரையில் இருந்த கிழக்கு சென் லூயிஸில் வெள்ளையினக் கும்பல் கறுப்பினத்தவரின் வீடுகளைக் கொளுத்தியது. அரச கணக்கில் 39 கறுப்பினத்தவர் இறந்தனர், உண்மையில் நூறுக்கும் மேல் என்பார்கள். அந்த மாத இறுதியில் நியூயோர்க்கில் ஆயிரக்கணக்கானோர் வாய் திறக்காமல் ஊர்வலம் போனார்கள். ஓகஸ்ட் முதலாம் திகதி வோக்கர் ஹார்லம் பகுதித் தலைவர்களோடு வெள்ளை மாளிகைக்கு மனு கொண்டுபோனார். ஜனாதிபதி வில்சனுக்கு வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் பிலடெல்பியாவில் கூடிய அவருடைய முகவர்கள், இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள், விற்பனையைப் பற்றிப் பேசி முடித்ததும், கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் கேட்டு ஜனாதிபதிக்குத் தந்தி அடித்தார்கள். அந்தச் சட்டம் வந்தது 2022இல். 1983 ஜூலையில் பதுளை எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2000 ஒக்டோபரில் பண்டாரவளை பிந்துனுவெவ முகாமில் தமிழ் இளைஞர்களைக் கும்பல் கொன்ற வழக்கில் 2005இல் எல்லோரும் விடுதலையானார்கள். நூற்றைந்து வருடம் என்பது நமக்கு ஆச்சரியமான கணக்கு அல்ல.

இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் வோக்கரை அரித்துக்கொண்டிருந்தன. ஓய்வெடுக்கச் சொன்ன வைத்தியர்களை அவர் பெரிதாகக் கேட்கவில்லை. 1918இல் ஹட்சன் ஆற்றின் அருகே, கறுப்பினக் கட்டடக் கலைஞர் வேர்ட்னர் டாண்டி வரைந்த மாளிகையில் குடியேறி, ஒரு வருடமே வாழ்ந்தார். 1919 மே 25ஆம் திகதி, 51ஆவது வயதில் அங்கேயே இறந்தார். மகள் அப்போது பனாமாவில் இருந்தாள். இறப்பதற்குச் சற்று முன், கும்பல் கொலைகளுக்கு எதிரான நிதிக்கு 5,000 டொலர் தருவதாக உறுதியளித்திருந்தார். பாடசாலைகளுக்கும் அநாதை இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பணம் எழுதிவைத்து, கம்பனியின் வருங்கால இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தர்மத்துக்கே போகவேண்டும் என்று உயிலில் சேர்த்திருந்தார்.