முகத்தின் வழியறிந்த மருத்துவர்

நுழையும்முன்

அகத்தில் எழும் உணர்ச்சியை முகம் காட்டிவிடும் என்பது உலகறிந்த உண்மை. ஆயினும், அவ்வுணர்ச்சி எந்த நரம்பின் வழியாக முகத்தை வந்தடைகிறது என்பது இருநூறு ஆண்டுகளுக்கு முன்புவரை தெளிவாகவில்லை. அவ்வழியைத் தேடிய மருத்துவர் ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

ஓவியம் பயின்ற இளமை

சார்லஸ் பெல், 1774ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். சமயகுருவாகிய தந்தை, பெல் சிறுவனாக இருந்தபோதே மறைந்தார். தாயே அவருக்கு எழுத்தறிவித்து, ஓவியமும் பயிற்றுவித்தார். தமையனார் ஜான் பெல், புகழ்பெற்ற அறுவை மருத்துவர். அவரிடம் உடற்கூற்றியலைக் கற்ற பெல், 1798இல் உடற்கூறாய்வு நூலொன்றைத் தாமே வரைந்த படங்களுடன் வெளியிட்டார்.

தமையனாருக்கும் அந்நகர மருத்துவப் பேராசிரியர்களுக்கும் மூண்ட பூசல் தம்பியின் வளர்ச்சியையும் தடுத்தது. எனவே, 1804இல் பெல் இலண்டனுக்குச் சென்றார். சினத்தில் எத்தசை சுருங்குகிறது, துயரத்தில் எது தளர்கிறது என்பவற்றை ஓவியர்களுக்கு விளக்கும் நூலை 1806இல் வெளியிட்டார். 1815இல் வாட்டர்லூப் போர் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு விரைந்து, காயமுற்ற வீரர்களுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அவர்தம் புண்களையும் துயர் தோய்ந்த முகங்களையும் ஓவியங்களாகப் பதிவு செய்தார்.

முகத்தில் இரு நரம்புகள்

மூளையிலிருந்து பன்னிரண்டு இணை நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றுள் ஐந்தாம் நரம்பும் ஏழாம் நரம்பும் முகமெங்கும் கிளைத்துப் பரவுகின்றன. ஓரிடத்திற்கு இரு நரம்புகள் எதற்கு என்னும் வினா பெல்லின் உள்ளத்தில் எழுந்தது.

அவ்வினாவிற்கு விடை தெரியாமையால் நோயாளிகள் பெருந்துன்பம் அடைந்தனர். முகத்தில் மின்னலெனப் பாயும் கடுவலியைப் போக்க விரும்பிய மருத்துவர் சிலர், ஏழாம் நரம்பை அறுத்தனர். வலி நீங்கவில்லை; மாறாக, முகத்தின் ஒரு பக்கம் அசைவற்றுப் போயிற்று.

பெல், கழுதையின் ஏழாம் நரம்பை அறுத்து ஆராய்ந்தார். மூச்சுவிடும்போது அப்பக்கத்து நாசித்துளை விரியவில்லை. ஆயினும் தொடுவுணர்வு கெடவில்லை. இவ்விரு நரம்புகளும் வெவ்வேறு தொழிலுடையவை என்பதை 1821இல் இலண்டன் அரச கழகத்திற்கு அளித்த கட்டுரையில் விளக்கினார். வலியைப் போக்க ஏழாம் நரம்பை அறுப்பது பயனற்றது என்பது அதனால் புலனாயிற்று.

திருத்தம் பெற்ற உண்மை

எனினும், பெல்லின் முடிவில் பிழையும் இருந்தது. ஐந்தாம் நரம்பின் கிளையை அறுத்தபோது கழுதை உதட்டால் தானியத்தைக் கவ்வவில்லை. அக்கிளையே உதட்டை இயக்குவது என அவர் கருதினார். அவரிடம் பயின்ற ஹெர்பர்ட் மேயோ அதனை மறுத்தார். உதடு இயங்கும் ஆற்றலை இழக்கவில்லை. உணரும் ஆற்றலையே இழந்தது என்று ஆய்வின்வழி நிறுவினார். முகத்தின் தொடுவுணர்வும் வலியும் ஐந்தாம் நரம்பின் வழியே மூளையை அடைகின்றன. மெல்லும் தசைகளை இயக்குவதும் அதுவே. நகைக்கவும் இமை மூடவும் நெற்றி சுருக்கவும் செய்யும் தசைகளை ஏழாம் நரம்பு இயக்குகிறது. நாவின் முற்பகுதியிலிருந்து சுவையுணர்வை எடுத்துச் செல்வதும் அதுவே.

தண்டுவட நரம்பு வேர்களின் தொழிலை முதலில் கண்டறிந்தவர் யார் என்பதில் பெல்லுக்கும் பிரான்சு நாட்டின் மகாந்திக்கும் நெடுநாள் வழக்கு நிகழ்ந்தது. முன்வேர் இயக்கத்திற்கும் பின்வேர் உணர்விற்கும் உரியவை என 1822இல் தெளிவாக நிறுவியவர் மகாந்தி. பெல் தம் பழைய கட்டுரைகளை மறுபதிப்புச் செய்தபோது சில பகுதிகளை மாற்றியமைத்தார். அது அவர் புகழுக்குச் சிறு மாசாக அமைந்தது. ஆயினும், ஒவ்வொரு நரம்பிற்கும் தனித்தொழில் உண்டு என்னும் நோக்கில் ஆய்வைச் செலுத்திய முன்னோடி என்னும் பெருமை அவருக்கு உரியது.

நிலைத்த பெயர்

1836இல் பெல், அறுவை மருத்துவப் பேராசிரியராக எடின்பரோ திரும்பினார். 1842ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இயற்கை எய்தினார்.

ஏழாம் நரம்பு திடீரெனச் செயலிழப்பதால் முகத்தின் ஒரு பக்கம் தளரும் நோய், இன்று பெல் முகவாதம் எனப்படுகிறது. அந்நோயாளியிடம் மருத்துவர் நெற்றியைச் சுருக்கவும் கண்களை மூடவும் சொல்வார். தளர்ந்த பக்கத்தில் இவ்விரண்டும் இயலாமற்போகும். மூளைப் பக்கவாதத்திலோ பெரும்பாலும் நெற்றி சுருங்கும். நோயாளியின் கன்னத்தைத் தொட்டால் அவர் அதனை உணர்வார். ஏனெனில், ஐந்தாம் நரம்பு பழுதுபடவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெல் எழுப்பிய வினாவின் விடை, இன்றும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இவ்வாறு பயன்படுகிறது.