சிக்பிரீட் ஓபர்ன்டோர்ஃபர்

சிக்பிரீட் ஓபர்ன்டோர்ஃபர் (ஜூன் 24, 1876 - மார்ச் 1, 1944) ஜெர்மனியைச் சேர்ந்த நோயியல் மருத்துவர் ஆவார். மியூனிக் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறுகுடற் கட்டிகள் சில, நுண்நோக்கியில் புற்றுநோயை ஒத்திருந்தும் மெல்ல வளர்பவை, பரவாதவை எனக் கருதி, 1907 இல் அவற்றுக்குக் கார்சினாய்டு எனப் பெயரிட்டார். இவை இன்று நரம்பு அகச்சுரப்பிக் கட்டிகள் எனும் வகையில் அடங்கும். பெயர் நிலைத்தது, கருத்து நிலைக்கவில்லை. 36 கட்டிகளை ஆராய்ந்தபின், அவை பரவவும் கூடும் என 1929 இல் தாமே திருத்தினார். இத்திருத்தம் பெயரளவுக்குப் பரவலாக அறியப்படவில்லை.

1933 இல் நாசி ஆட்சியில் பதவி இழந்து, இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், அந்நகரிலேயே காலமானார்.

தற்காலத்தில் வயிற்றினுள் உள்ள இக்கட்டிகளிலிருந்து மெல்லிய ஊசியால் உயிரணுக்களை உறிஞ்செடுத்து, அறுவையின்றியே இனங்காண்கின்றனர். உப்பும் மிளகும் தூவியது போன்ற உட்கரு இவற்றின் அடையாளம். எனினும் உயிரணுக்கள் சீராகத் தோன்றுவதை மட்டும் கொண்டு கட்டி தீங்கற்றது என முடிவு செய்ய இயலாது.