காரணிகளை எண்ணிய கணித மேதை

ஓர் எண்ணின் காரணி இணைகளைக் கண்டுபிடிக்குமாறு ஆசிரியர் பணிக்கும்போது நம்மில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவ்வேலையையே விரும்பிச் செய்து பட்டம் பெற்றவர் ஒருவர் இருந்தார். அவரே சீனிவாச இராமானுஜன்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கர். வீட்டில் வறுமை. கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால், கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளத்தை இராமானுஜன் இழந்தார். பின்னர் எழுதிய தேர்விலும் தோல்வியே. காகிதம் விலை மிகுந்ததாகையால், சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் பயனாக, 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று நமக்கும் விளங்கக்கூடியது. 12ஐ எடுத்துக்கொள்வோம். 1×12, 2×6, 3×4 என மூன்று இணைகள். ஆகக் காரணிகள் ஆறு. 12க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் வெல்லும் எண்களை இராமானுஜன் தேடினார். 12க்குப் பின் வருவது 24. அதற்கு 1×24, 2×12, 3×8, 4×6 என நான்கு இணைகள். 5 அதனை மீதியின்றி வகுக்காது. 6 முன்னரே வந்துவிட்டது. எனவே அங்கேயே நிறுத்திவிடலாம். பின்னர் 36, 48, 60 எனத் தொடரும். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், நம் முன்னோர் கணக்கில் நாளுக்கு 60 நாழிகை! பங்கிடுவதற்கு வசதியான எண்கள் அல்லவா?

இத்தகைய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், 2 முதல் எந்தப் பகா எண்ணும் இடையில் விடுபடாது என்றும், சிறிய பகா எண் பெரியதைவிடக் குறைந்த தடவை வாராது என்றும் அவர் நிறுவினார். 60 என்பது 2×2×3×5 அன்றோ? கணிப்பொறி இல்லாத அந்நாளில், 6,746,328,388,800 வரை இத்தகைய எண்களைக் கையாலேயே பட்டியலிட்டார். அவ்விறுதி எண்ணுக்குக் காரணிகள் 10,080! அப்பட்டியலில் 293,318,625,600 என்னும் ஒரே ஓர் எண்தான் விடுபட்டது. அத்தனை பெரிய பட்டியலில் அஃதொன்றே விடுபட்டது நமக்கு வியப்பாகவே உள்ளது.

1915இல் இவ்வாய்வு இலண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. கல்லூரித் தேர்வில் தேறாதவருக்கு, 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இவ்வாய்வுக்காகவே பட்டம் நல்கியது. 1918இல் இராயல் கழக உறுப்பினருமானார். ஆயினும் குளிரும், போர்க்காலத்தில் மரக்கறி உணவு கிடைப்பதிலிருந்த இடர்ப்பாடும் அவரை வாட்டின, நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் வயதில் காலமானார்.

போர்க்காலப் பண நெருக்கடியால் கழகம் அவரது கட்டுரை முழுவதையும் அச்சிடவில்லை. எஞ்சிய பகுதி 1997இல்தான் அச்சேறியது.