கடல் கடந்து அவர் கற்றது

திண்டுக்கல் பூட்டை நாடறியும். கள்ளச் சாவிக்கு இடங்கொடாத பூட்டு! அதனினும் வலிய பூட்டொன்று பல நூற்றாண்டாக இந்நாட்டு மக்கள் மீது தொங்குகிறது. சாதி என்பது அதன் பெயர். அதைக் கடல் கடந்து கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தவர்தாம் அண்ணல் அம்பேத்கர்.

1891-இல் மகார் குடும்பமொன்றில் பிறந்தார். பள்ளியில் அவருக்குச் சாக்குத் துண்டே ஆசனம். குழாயைத் தொடக்கூடாது, ஏவலாள் திறந்துவிட்டால்தான் தண்ணீர். ஏவலாள் இல்லையா? தாகத்தோடு இருக்கவேண்டியதுதான்!

1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் உதவித்தொகை தந்தார். 22 வயதில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் புகுந்தார். பொருளியல் மட்டுமா பயின்றார்? வரலாறு, சமூகவியல், மானிடவியல் அனைத்தும் பயின்றார். மானிடவியல் ஆசிரியர் கோல்டன்வைசர், அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகளான இரோக்குவா மக்களை ஆராய்ந்தவர். அவருடைய கருத்தரங்கில் 1916 மே 9-ஆம் நாள் அம்பேத்கர் ஆய்வுரை படித்தார். பொருள், இந்தியாவின் சாதிகள்! சாதிக்குள்ளேயே மணமுடிப்பதுதான் சாதியின் அச்சாணி. குழந்தை மணமும் கைம்மைக் கொடுமையும் உடன்கட்டையும் அதைக் காக்க எழுந்தவையே என்று விளக்கினார்.

1917-இல் தாயகம் திரும்பினார். பரோடாவில் பதவி கிடைத்தது; குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. தங்கிய விடுதியிலிருந்தும் தடியேந்திய கூட்டம் விரட்டியது. கையிலே பட்டம், முதுகிலே சாதி! மீண்டும் இலண்டன் சென்றார், 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அரசமைப்பு வரைவுக் குழுத் தலைவரானார். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவு அச்சட்டத்தில் இடம்பெற்றது. 1956-இல் மறைந்தார்.

இனி நம் காலத்துக் கதையைக் கேளுங்கள். தாழ்த்தப்பட்டோர் முதலானோர் அயல்நாட்டில் பயில ஒன்றிய அரசு தரும் உதவித்தொகைக்கு 2022-இல் ஒரு விதி வந்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு அத்தொகை இல்லையாம்! அதற்கான அறிவும் நூலும் உள்நாட்டிலேயே உண்டு என்று காரணம் கூறப்பட்டது.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிலாளியின் மகள் சாதியை ஆராயக் கொலம்பியா செல்ல விரும்பினால்? பொறியியலா, போய் வா. சாதியா, இங்கேயே இரு! இதுதானே அவ்விதியின் பொருள்? அம்பேத்கர் முதுகலைக்கு எழுதியதும் பண்டைய இந்திய வாணிகம் பற்றித்தான். 1913-இல் இவ்விதி இருந்திருந்தால், அந்த ஆய்வுகளுக்குப் பணம் ஏது?

பூட்டப்பட்டவன் பூட்டைத் தள்ளி நின்றும் பார்க்கவேண்டும். அவ்வழியை அடைக்கும் விதி, அண்ணலின் பெயரைப் போற்றும் நாட்டில் நிற்கலாகாது!