உகைரில் ஒரு சிவப்புப் பென்சில்

தில்லையடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருக்கும் காக்கா ஒருவர், 1990 ஓகஸ்டில் குவைத்தில் சாரதியாக இருந்தார். ஈராக்கியப் படை உள்ளே வந்ததும் ஜோர்தான் வழியாகத் தப்பி, மன்னாருக்கு வந்து சேர்ந்தார். சில கிழமைகள்தான். ஒக்டோபரில் எங்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரே வருடத்தில் இரண்டு தரம் அகதியானவர் அவர். அந்தப் படையெடுப்பின் பின்னணியைத் தேடி வாசித்தபோதுதான் சேர் பெர்சி கொக்ஸின் வரலாறு என் கையில் கிடைத்தது.

கொக்ஸ் 1864இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் பிறந்தவர். படை அதிகாரியாக இந்தியா வந்து, பிறகு பிரித்தானிய இந்திய அரசின் அரசியல் பிரதிநிதியாக சோமாலிலாந்து, மஸ்கட், புஷஹ்ர் என்று வளைகுடாவைச் சுற்றியே ஆண்டுகளைக் கழித்தார். அரபு தெரியும், ஒட்டகத்தில் நெடும்பயணம் போகவும் தயங்காதவர். அதிகம் பேசமாட்டார். கோத்திரத் தலைவர்கள் அவரை கோக்குஸ் என்று அழைத்தார்கள். 1915இல் இப்னு சஊதுடன் தாரின் ஒப்பந்தத்தைச் செய்தவரும், 1920இல் ஈராக்கின் உயர் ஆணையாளரானவரும் இவரே.

அந்த நாட்களில் பாலைவனத்துக்குக் கோடு கிடையாது. முதைர், ளஃபீர், அனஸா போன்ற கோத்திரங்கள் மழையையும் கிணற்றையும் பார்த்து நகர்ந்தன. ஒட்டகக் கொள்ளை பழைய வழக்கம்தான், அதற்கும் ஒரு முறை இருந்தது. ஆனால் ஃபைஸல் அத்துவைஷ் தலைமையிலான இக்வான்கள் 1920இல் குவைத்தின் ஜஹ்ராவைத் தாக்கியபோது அது கொள்ளையின் எல்லையைக் கடந்துவிட்டது. ஈராக்கின் தென்புற மேய்ப்பர்களும் தாக்கப்பட்டார்கள். பிரித்தானியருக்கு ஒரு கோடு தேவைப்பட்டது.

1922 நவம்பர் இறுதியில், அல்அஹ்ஸா கரையிலுள்ள உகைரில் கூடாரங்கள் அடிக்கப்பட்டன. இப்னு சஊத் நேரில் வந்தார். ஈராக் ஓர் அமைச்சரை அனுப்பியது. குவைத்தின் சார்பில் இருந்தவரோ பிரித்தானிய அதிகாரியான மேஜர் மோர். இதை வாசித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். ஷெய்க் அஹ்மத் அங்கே இல்லை. அவருடைய மண்தான் மேசைமேல் இருந்தது.

இப்னு சஊத் கோத்திரங்களை வைத்து எல்லை கேட்டார். கொக்ஸ் நிலத்தில் கோடு கேட்டார். நாட்கணக்கில் இழுபட்டபின், கொக்ஸ் பொறுமையிழந்து மன்னரைப் பள்ளிப் பையனைப்போல் கடிந்துகொண்டதாகவும், சிவப்புப் பென்சிலால் தானே கோட்டை வரைந்ததாகவும் உடனிருந்த டிக்ஸன் எழுதிவைத்திருக்கிறார். ஈராக்குக்கு நஜ்து கோரிய நிலத்தில் பெரும்பங்கு. அதை ஈடுசெய்ய, குவைத் தனதென்று சொன்ன நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நஜ்துக்கு. நடுவில் இரண்டு நடுநிலை வலயங்கள். அடுத்த ஆண்டு குவைத் – ஈராக் எல்லையும் கொக்ஸின் ஒரு கடிதத்திலேயே ஏற்கப்பட்டது.

கொக்ஸைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். கைலஞ்சம் வாங்காத, தன் அரசுக்கு உண்மையாக உழைத்த மனிதராகவே தெரிகிறார். அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

கொள்ளை நின்றதா? இல்லை. எல்லையோரக் கிணறுகளில் கோட்டை கட்டக்கூடாது என்று உகைரில் எழுதப்பட்டிருந்தது. ஈராக் பக்கத்தில் புஸையாவில் பொலிஸ் காவலரண் எழுந்ததும், 1927இல் முதைரிகள் அதைத் தாக்கினார்கள். பிரித்தானிய விமானங்கள் குண்டு போட்டன. 1929இல் இப்னு சஊதே ஸபிலாவில் இக்வான்களை முறியடித்தார். அத்துவைஷ் பிரித்தானியரிடம் சரணடைந்து, அவர்களால் இப்னு சஊதிடம் ஒப்படைக்கப்பட்டு, 1931இல் சிறையில் மௌத்தானார். 1923இல் ஓய்வுபெற்றுப்போன கொக்ஸ், 1937இல் இங்கிலாந்தில் குதிரையேறி வேட்டையாடும்போது இறந்தார்.

எங்கள் காக்கா யுத்தம் முடிந்தபின் மறுபடியும் குவைத் போனார். நடுநிலை வலயத்தில் இருந்த வஃப்ராவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் பவுசர் ஓட்டினார். கொக்ஸின் கதையைச் சொன்னபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: அந்தக் கூடாரத்துக்கு ஆடு மேய்க்கிறவன் ஒருவனையாவது கூப்பிட்டார்களா?

நான் வாசித்த எதிலும் அப்படி ஒருவரைக் காணவில்லை.